மாறிய பக்கங்களின் பிட்மேப்: பைட் ஒழுங்கை எந்த இடத்தில் நேராக்குவது?

திருகோணமலையில் நாங்கள் சில பேர் சேர்ந்து கேவிஎம்முக்கு (வேர்ச்சுவல் மெஷின்களை ஓட்ட லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் வசதி) மேல் ஓடும் ஒரு சின்ன வேர்ச்சுவல் மெஷின் மொனிட்டரை சீ மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் லைவ் மைக்ரேஷன் கட்டாயம் வேண்டும் என்பதில் யாருக்கும் மறுபேச்சு இருக்கவில்லை. கடலை ஒட்டின ஊர், உப்புக்காற்று ராம் ஸ்லொட்டையும் கனெக்டரையும் அரித்துக்கொண்டே இருக்கும், மெஷினை அடிக்கடி நிற்பாட்டிக் கழற்றித் துடைக்க வேண்டும், அதற்காகக் கடைக்காரருடைய கணக்குச் சேர்வரைப் பட்டப்பகலில் நிறுத்த முடியாது. ஓடுகிற வேர்ச்சுவல் மெஷினை அப்படியே பக்கத்து மெஷினுக்கு அனுப்பிவிட்டால்தான் சரிவரும். நீண்ட விவாதம் நடந்தது வேறொன்றைப் பற்றி: கெஸ்ட் (உள்ளே ஓடும் வேர்ச்சுவல் மெஷின்) எழுதிய நினைவகப் பக்கங்களைக் குறித்துவைக்கும் பிட்மேப்பை எந்தப் பைட் ஒழுங்கில் (ஒரு எண்ணின் பைட்டுகளை நினைவகத்தில் அடுக்கும் வரிசை) வைத்திருப்பது, திருப்ப வேண்டி வந்தால் எந்த இடத்தில் திருப்புவது. இதற்குப் பல வழிகள் உண்டு, ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உண்மையாகவே பாவிக்கிறார். நாங்கள் எதை எடுத்தோம், மற்றதையெல்லாம் ஏன் விட்டோம் என்று இங்கே எழுதுகிறேன்.

லைவ் மைக்ரேஷன் தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். முதல் சுற்றில் கெஸ்டின் நினைவகம் முழுவதும் அடுத்த மெஷினுக்குப் போகும். அது போய்க்கொண்டிருக்கும்போதே கெஸ்ட் ஓடிக்கொண்டிருப்பதால் சில பக்கங்களில் திரும்ப எழுதிவிடும். எந்தப் பக்கங்களில் எழுதியது என்று கெர்னல் ஒரு பிட்மேப்பில் குறிக்கும், பக்கத்துக்கு ஒரு பிட். அடுத்த சுற்றில் அந்தப் பக்கங்கள் மட்டும், பிறகு அதற்கிடையில் மாறினவை மட்டும், இப்படியே போய் மிச்சம் கொஞ்சமாகும்போது கெஸ்டை ஒரு கணம் நிறுத்திக் கடைசிப் பகுதியை அனுப்பி அடுத்த மெஷினில் ஓட விடுவோம். 4 ஜிபி கெஸ்ட் ஒன்றில் 4 கேபி பக்கங்கள் 1,048,576 இருக்கும், அதற்கு 128 கேபி பிட்மேப்.

சரி, பிரச்சினை எங்கே வருகிறது? பிட்மேப் என்பதைப் பெரும்பாலும் 64 பிட் எண்களின் வரிசையாகத்தான் எல்லாரும் கையாளுகிறோம். முதல் எண்ணின் கடைசி பிட் பக்கம் 0, அதற்கு அடுத்தது பக்கம் 1. இன்டெல்லில், ஆர்மில் இந்தக் கடைசி பிட் நினைவகத்தில் முதல் பைட்டிலேயே இருக்கும், இதுதான் லிட்டில் எண்டியன். ஐபிஎம்மின் எஸ்390 மாதிரியான பிக் எண்டியன் மெஷினில் அதே பிட் எட்டாவது பைட்டில் போய் உட்காரும். ஒரு முனையில் எண்ணாக எழுதி மறுமுனையில் பைட்டாக வாசித்தால் பக்கம் 0 என்பது பக்கம் 56 ஆகிவிடும். 3 என்பது 59 ஆகும், 8 என்பது 48, 63 என்பது 7. பக்க எண்ணை 56 உடன் எக்ஸ்ஓஆர் செய்தால் (பிட்டுக்கு பிட் ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 போட்டால்) வருவதுதான் தவறான எண், இதில் விதிவிலக்கே கிடையாது. 32 பிட் எண்களாக இருந்தால் 56க்குப் பதில் 24.

இன்னொரு கோணம் இருக்கிறது, பலர் கவனிக்காதது. பைட் ஒழுங்கு ஒன்றாகவே இருந்தாலும் எண்ணின் நீளம் வேறாக இருந்தால் பிக் எண்டியனில் பிட்மேப் குழம்பிவிடும். கெர்னல் 64 பிட், அதன் மேல் ஓடும் நிரல் 32 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் பிக் எண்டியன்தான். இருந்தாலும் கெர்னல் எழுதிய ஒவ்வொரு 64 பிட் எண்ணிலும் மேல் பாதியும் கீழ் பாதியும் இடம் மாறித் தெரியும், பக்கம் 0 என்பது பக்கம் 32 என்று வாசிக்கப்படும். லிட்டில் எண்டியனில் இந்தத் தொல்லை வரவே வராது, ஏனென்றால் அதில் எந்த நீளத்தில் வாசித்தாலும் பக்கம் ஒன்றின் பிட், அதன் எண்ணை எட்டால் வகுத்தால் வரும் பைட்டில், மிச்சம் வரும் இடத்தில்தான் இருக்கும். கேவிஎம் தன்னுடைய பிட்மேப்பை எந்த மெஷினிலும் லிட்டில் எண்டியன் அமைப்பிலேயே வெளியே கொடுப்பது எவ்வளவு நல்ல முடிவு என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

இந்தப் பிழை மற்றப் பிழைகளைப் போல இல்லை, அதனால்தான் இவ்வளவு அக்கறையாக எழுதுகிறேன். டைக் வீதியில் வீட்டுக்கு வீடு தண்ணீர் போத்தல் போட வந்தவரிடம் நாலு வீட்டு இலக்கம் எழுதிக் கொடுத்து, அவர் வீதியின் மறுமுனையில் இருந்து எண்ணிக்கொண்டு போனால் என்ன நடக்கும்? நாலு போத்தலும் சரியாகப் போட்டு முடித்திருப்பார், கணக்குப் பார்த்தால் ஒன்றும் குறையாது, வாங்க வேண்டியவர்கள்தான் வாங்கியிருக்க மாட்டார்கள். பிட்மேப்பிலும் அதேதான். பைட்டுகளை எப்படித் திருப்பினாலும் அதில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை மாறாது. ஆகவே "இன்னும் இத்தனை பக்கம் மிச்சம்" என்று திரையில் வரும் எண் சரியாகவே இருக்கும், சுற்றுக்குச் சுற்று குறையும், மைக்ரேஷன் வெற்றி என்று முடியும். போன மெஷினில் சில பக்கங்கள் மட்டும் பழைய சரக்கு. அந்தப் பக்கம் கெர்னலுடையதாக இருந்தால் உடனே விழும், தரவுத்தளத்தின் கேஷாக இருந்தால் பல நாள் கழித்துக் கணக்கு உதைக்கும், அப்போது யாரும் மைக்ரேஷனைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

மாறாத பக்கத்தை மாறியது என்று குறித்தால் நட்டம் ஒன்றுமில்லை, கொஞ்சம் வலையமைப்பு வீணாகும், அவ்வளவுதான். மாறின பக்கத்தை விட்டுவிட்டால் மன்னிப்பே இல்லை. எந்த வழியை ஒப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது, இது தவறினால் சத்தம் போட்டுத் தவறுமா, மௌனமாகத் தவறுமா என்பதைத்தான்.

"இங்க எல்லாரிட்டயும் இருக்கிறது இன்டெல் தானே அண்ணா, பிறகேன் இந்தக் கரைச்சல்?" என்று எங்களில் இளையவன் கேட்டான். நல்ல கேள்வி, அதுவே முதல் வழியும்கூட: லிட்டில் எண்டியன் ஹோஸ்ட் (கெஸ்டை ஓட்டும் உண்மையான மெஷின்) மட்டும்தான் என்று அறிவித்துவிட்டு, பிக் எண்டியனில் கொம்பைல் செய்ய முயன்றால் அங்கேயே பிழை காட்டி நிறுத்திவிடுவது. இதை நான் கேவலமாக நினைக்கவில்லை. கேவிஎம்மில் இன்டெல் கெஸ்டை எஸ்390 மெஷினுக்கு மைக்ரேட் செய்ய முடியாது, செயலியின் கட்டளைத் தொகுதியே வேறு. ஆக, ஒழுங்கு வேறான இரண்டு மெஷின்களுக்கு இடையே போகும் தேவை நினைப்பதைவிடக் குறைவு. அப்படியானால் வித்தியாசம் உண்மையில் எங்கே தலைகாட்டும்? ஒரே பிக் எண்டியன் மெஷினுக்குள், கெர்னல் கொடுக்கும் லிட்டில் எண்டியன் பிட்மேப்புக்கும் நிரலின் சொந்த எண்களுக்கும் இடையில். இரண்டு ஒழுங்கிலும் ஹோஸ்ட் ஓடக்கூடிய ஐபிஎம்மின் பவர் மெஷின்களுக்கு இடையில். பிட்மேப்பை ஃபைலில் எழுதிவைத்துப் பிறகு வேறு மெஷினில் ஆராயும்போது. முழு எமுலேஷனில், அதாவது வேறு வகைச் செயலியையே மென்பொருளால் நடித்துக்காட்டும்போது.

இவற்றில் ஒன்றுமே உங்களுக்குத் தேவைப்படாது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் முதல் வழியை எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் கொம்பைல் நேரத்தில் நிறுத்தும் அந்த ஒரு வரியை மறக்காமல் எழுதுங்கள். எழுதாமல் "எல்லாம் இன்டெல்தானே" என்று மனதுக்குள் மட்டும் வைத்திருப்பது வழி இல்லை, அது கவனக்குறைவு. எங்களுக்கு மூன்றாவது காரணம் இருந்தது: எந்தக் கெஸ்ட் எந்த நேரத்தில் எவ்வளவு எழுதுகிறது என்று பார்க்க பிட்மேப்புகளை ஃபைலாகச் சேமிக்கிறோம், அந்த ஃபைல்கள் நிரலைவிட நீண்ட நாள் வாழும்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும், ஏனென்றால் எங்கள் விவாதத்தில் பாதி நேரத்தை அதுதான் தின்றது. கெஸ்டின் பைட் ஒழுங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கெஸ்ட் பிக் எண்டியனாக இருக்கட்டும், பவரில் நடப்பதுபோல இடையில் ஒழுங்கை மாற்றிக்கொள்ளட்டும், பக்கம் 3 பக்கம் 3தான். பக்கத்தின் உள்ளே இருக்கிற பைட்டுகளை யாரும் திருப்புவதில்லை, இருக்கிறபடியே பிரதி எடுக்கிறோம். கெஸ்டின் ஒழுங்கு முக்கியமாகிற இடம் விர்ட்டியோ போன்ற, கெஸ்டுக்கென்றே வடிவமைத்த வேர்ச்சுவல் சாதனங்கள்; அங்கேயும் பழைய விர்ட்டியோவில் கெஸ்டின் ஒழுங்குப்படி என்று இருந்ததை 1.0 பதிப்பில் லிட்டில் எண்டியன் என்று ஒரேயடியாக நிலைநிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது வழி, பலரும் பாவிக்கும் எமுலேட்டரும் வேர்ச்சுவல் மெஷின் மொனிட்டருமான கியூஎமுவின் வழி. உள்ளே எல்லாம் ஹோஸ்டின் சொந்த ஒழுங்கு, வெளியில் இருந்து வரும்போது வாசலில் வைத்துத் திருப்புவது. கேவிஎம் கொடுக்கும் பிட்மேப் ஒரு குறிப்பிட்ட ஃபங்ஷன் வழியாகத்தான் உள்ளே வரும், அது ஒவ்வொரு எண்ணையும் லிட்டில் எண்டியனில் இருந்து ஹோஸ்டுக்கு மாற்றித் தன் பிட்மேப்பில் சேர்க்கும். விஎஃப்ஐஓ (உண்மையான சாதனத்தை நேராகக் கெஸ்டிடம் கொடுக்கும் முறை) சாதனங்களின் பிட்மேப்பும் அதே வாசலால்தான் நுழைகிறது. வெளியே போகும்போதும் இப்படித்தான்: போஸ்ட்கொப்பி (கெஸ்டை முதலில் மறுமுனையில் ஓட விட்டு மிச்சப் பக்கங்களைப் பிறகு அனுப்பும் முறை) இடையில் அறுந்து திரும்பத் தொடரும்போது, எந்தப் பக்கங்கள் ஏற்கெனவே வந்துசேர்ந்தன என்ற பிட்மேப்பை மறுமுனைக்கு அனுப்ப வேண்டும், அதை லிட்டில் எண்டியனுக்கு மாற்றி, நீளத்தை 8 பைட்டின் மடங்காக நிரப்பி அனுப்புகிறார்கள். 32 பிட் மெஷினும் 64 பிட் மெஷினும் பேசிக்கொள்ள வேண்டுமே, அதற்காக. இத்தனைக்கும் அதே மைக்ரேஷன் ஓட்டத்தில் சாதாரண எண்கள் எல்லாம் பிக் எண்டியனில்தான் போகின்றன. எண்ணுக்கு ஒரு ஒழுங்கு, பிட்மேப்புக்கு வேறு ஒழுங்கு, இரண்டும் ஒரே ஓட்டத்தில். பார்க்க ஒரு மாதிரி இருந்தாலும் தெளிவாக எழுதிவைத்திருப்பதால் பிழை இல்லை.

இந்த வழியின் பலம் உள்ளே வேலை செய்யும் சுகம். பிட்மேப்புக்கென்று இருக்கிற பொதுவான ஃபங்ஷன்கள் எல்லாம் ஹோஸ்ட் எண்களோடுதான் வேலை செய்யும், அவற்றை அப்படியே எடுத்துப் பாவிக்கலாம். கியூஎமுவுக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணம், கேவிஎம் இல்லாமல் தானே எமுலேட் செய்யும்போது அதுவே பிட்டுகளைக் குறிக்கிறது, அங்கே வெளியில் இருந்து வருவது என்று ஒன்றும் கிடையாது. பலவீனம், வாசல்கள் கூடக்கூட ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நினைவாகத் திருப்ப வேண்டும். புதிதாக ஒரு மூலம் சேர்க்கிறவர் மறந்துவிட்டால் இன்டெல்லில் ஒரு சோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு வகை பிட்மேப்புக்கும் சீயில் ஒரே டைப்தான், கொம்பைலர் வாய் திறக்காது.

மூன்றாவது வழியை நெட்வேர்க் வேலை செய்கிறவர்கள் உடனே சொல்வார்கள்: எழுதுகிறவர் தன் ஒழுங்கிலேயே எழுதட்டும், தலைப்பில் ஒரு அடையாள எண் வைப்போம், வாசிக்கிறவர் பார்த்துத் திருப்பிக்கொள்ளட்டும். வலையமைப்பில் போகும் பொதிகளைச் சேமிக்கும் பிகேப் ஃபைல்கள் அப்படித்தான், ஏ1பி2சி3டி4 என்ற எண் டி4சி3பி2ஏ1 என்று தெரிந்தால் எழுதியவரின் ஒழுங்கு வேறு என்று அர்த்தம். பிகேப்புக்கு இது நன்றாக வேலை செய்கிறது. பிட்மேப்புக்கு நான் இதை விரும்பவில்லை. பைட் ஒழுங்கு மட்டும் தெரிந்தால் போதாது, எழுதியவரின் எண் 32 பிட்டா 64 பிட்டா என்பதும் தெரிய வேண்டும் என்று மேலே பார்த்தோம்; அப்படியானால் வாசிக்கிறவரிடம் மூன்று பாதைகள் இருக்க வேண்டும் (லிட்டில் எண்டியனுக்கு ஒன்று, பிக் எண்டியனில் 32 பிட்டுக்கும் 64 பிட்டுக்கும் ஒவ்வொன்று), அவற்றில் ஒன்றுதான் தினமும் ஓடும், மற்ற இரண்டும் தூசு பிடித்துக் கிடக்கும். ஓடாத பாதை என்றாவது ஓட வேண்டி வரும் நாளில் சரியாக இருக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. அனுப்புகிறவருக்கு மிச்சமாகிற நேரமும் ஒரு பொருட்டில்லை: 128 கேபி என்பது 16,384 எண்கள், திருப்புவதற்கு எண்ணுக்கு ஒரு கட்டளை. அதைவிட ஒரே ஒரு சுற்றில் பக்கங்களை ஜிகாபிட் கேபிளில் தள்ளும் நேரம் எத்தனையோ மடங்கு. பவரிலும் எஸ்390இலும் திருப்பியபடியே நினைவகத்தில் இருந்து வாசிக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது. வேகத்தைக் காரணம் காட்டி ஒழுங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இந்த விடயத்தில் இல்லை.

நான்காவது வழி என்னை உண்மையாகவே சபலப்படுத்தியது. பிட்மேப்பையே விட்டுவிட்டு மாறின பக்கங்களின் எண்களைப் பட்டியலாக வைத்துக்கொள்வது. கேவிஎம்மில் 2021இல் வந்த டர்ட்டி ரிங் அப்படித்தான், ஒவ்வொரு பதிவும் 16 பைட்: கொடி 4, ஸ்லொட் (கெஸ்டின் நினைவகத்தில் ஒரு துண்டு) எண் 4, ஸ்லொட்டுக்குள் பக்கத்தின் இடம் 8. கெர்னலும் நிரலும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, இரண்டும் ஒரே ஹோஸ்ட் என்பதால் எண்கள் ஹோஸ்ட் ஒழுங்கில் இருந்தால் போதும். 32 பிட் நிரலாக இருந்தாலும் பரவாயில்லை, நீளங்கள் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டவை. வலையமைப்பில் அனுப்பும்போது மட்டும் வழக்கம்போல ஒரு ஒழுங்குக்கு மாற்றினால் சரி.

இதில் எனக்குப் பிடித்தது, தவறினால் ஊரைக் கூட்டித் தவறும். பக்கம் 3 என்ற 64 பிட் எண்ணைத் திருப்பி வாசித்தால் அது 3ஐ 2இன் 56ஆம் அடுக்கால் பெருக்கிய எண், அவ்வளவு பெரிய நினைவகம் எந்தக் கெஸ்டுக்கும் கிடையாது, எல்லை பார்க்கும் முதல் வரியிலேயே பிடிபடும். பிட்மேப்பில் பக்கம் 59 என்பது முழுக்க முழுக்க நம்பத்தகுந்த பதில், பட்டியலில் அப்படி ஏமாற்ற இடமே இல்லை.

ஆனாலும் எடுக்கவில்லை. முதல் காரணம் அளவு. 128 கேபிக்குள் 16 பைட் பதிவு 8,192தான் அடங்கும், அதாவது 32 எம்பி நினைவகம் மாறிவிட்டால் பட்டியல் பிட்மேப்பைவிடப் பெரிதாகிவிடும். ரிங் நிறைந்தால் கெஸ்டின் செயலி நின்று வெளியே வந்துவிடும், நிரல் அதை அள்ளி முடித்து மீட்டமைக்கும்வரை அது ஓடாது. அதிகம் எழுதுகிற கெஸ்டை இப்படித் தானாகவே மெதுவாக்குவது சிலருக்கு வசதி, எங்களுக்கு இல்லை. இரண்டாவது, ஒரே பக்கம் சுற்றுக்குள் பல வழியில் வந்தால் திரும்பத் திரும்பப் பட்டியலில் ஏறும், அதைத் தவிர்க்க எப்படியும் உள்ளே ஒரு பிட்மேப் வேண்டும். கியூஎமுவும் ரிங்கில் இருந்து அள்ளியதைத் தன் பிட்மேப்பில்தான் போடுகிறது. ஆக, கேள்வி போகவில்லை, ஒரு படி தள்ளிப்போயிருக்கிறது. நினைவகம் மிகப் பெரியதாகவும் மாற்றம் மிகச் சிறியதாகவும் இருக்கிற கெஸ்டுகளை ஓட்டுகிறவர்கள் இதை வேறு விதமாக எடைபோடுவார்கள், போடவும் வேண்டும்.

நாங்கள் எடுத்தது ஐந்தாவது. எல்லா இடத்திலும், உள்ளேயும் வெளியேயும் ஃபைலிலும், லிட்டில் எண்டியன் பிட்மேப் ஒன்றே ஒன்று. வாசலில் திருப்புவதே இல்லை.

இது பார்க்க மந்தமான முடிவாகத் தெரியும், பிக் எண்டியன் மெஷினில் ஒவ்வொரு வேலைக்கும் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டியிருக்காதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, உட்கார்ந்து பிட்மேப்பில் நாங்கள் செய்கிற வேலைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தபோது போய்விட்டது. இரண்டு பிட்மேப்பை ஓஆர் செய்து சேர்ப்பது, பைட் ஒழுங்கு தேவையில்லை. ஒன்றை மற்றதில் இருந்து கழிப்பது, தேவையில்லை. ஒன்றுகளை எண்ணுவது, தேவையில்லை. 64 பக்கமும் சுத்தமா என்று பூச்சியத்தோடு ஒப்பிட்டுத் தாண்டிப்போவது, தேவையில்லை. ஒழுங்கு தேவைப்படுவது பிட்டில் இருந்து பக்க எண்ணுக்கும் பக்க எண்ணில் இருந்து பிட்டுக்கும் போகிற அந்த இரண்டு இடத்தில் மட்டும்தான். முதலாவதில், பூச்சியமில்லாத எண் கிடைத்தால் அதை மட்டும் ஒருமுறை திருப்பிவிட்டுக் கடைசி ஒன்றைத் தேடுவோம். பெரும்பாலான எண்கள் பூச்சியமாக இருப்பதால் திருப்புகிற வேலை வாசலில் செய்வதைவிடக் குறைவுதான். இரண்டாவதில் திருப்பவே தேவையில்லை, பக்க எண்ணை 56 உடன் எக்ஸ்ஓஆர் செய்து சாதாரணமாக பிட்டைப் போட்டால் சரியான பைட்டில் விழும். லினக்ஸ் கெர்னல் தன் லிட்டில் எண்டியன் பிட் ஃபங்ஷன்களில் செய்வது இதையேதான். லிட்டில் எண்டியன் மெஷினில் அந்த எண் 0, ஒரு செலவும் இல்லை. அட்டோமிக்காகவும் (இடையில் வேறு யாரும் குறுக்கிட முடியாதபடி) செய்யலாம், பல செயலிகள் ஒரே நேரத்தில் குறிக்கும்போது அது முக்கியம்.

சாதன வேலையை வேறொரு நிரலிடம் ஒப்படைக்கும் வி-ஹோஸ்ட் யூசர் நெறிமுறையும் இதற்குப் பொருந்திவருகிறது. அதில் 4,096 பைட்டுக்கு ஒரு பிட், பக்க எண்ணை எட்டால் வகுத்து வரும் பைட்டில் மிச்சத்தின் இடத்தில் போடு என்று பைட் கணக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். எண்டியன் என்ற பேச்சே எடுக்காமல் லிட்டில் எண்டியனைச் சொல்லிவிட்டார்கள். கேவிஎம்மும் இதுவும் ஒரே அமைப்பில் தருவதால் எங்களுக்கு வருகிற மூலங்களில் திருப்ப வேண்டியது ஒன்றுமே இல்லை, நேராக ஓஆர் செய்து சேர்த்துவிடலாம். எங்களைப் போலப் புதிதாக எழுதுகிறவர்கள் கியூஎமுவைப் பார்த்து அதே மாதிரிச் செய்ய வேண்டும் என்று நினைப்பது இயல்பு. அவர்களுக்கு உள்ளே பிட்டுகளை உற்பத்தி செய்யும் எமுலேட்டர் இருக்கிறது, பல வருடத்துப் பொது நூலகம் இருக்கிறது. எங்களிடம் இரண்டுமே இல்லை.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு, மறைக்கக் கூடாது. பிட்மேப்பை இடம்நகர்த்திச் சேர்ப்பது கஷ்டம். இன்டெல் கெஸ்டில் பழைய வழக்கப்படி 640 கேபியில் ஒரு எல்லை வரும், அது 160ஆவது பக்கம், 64ஆல் மீதியின்றி வகுபடாது. அங்கே தொடங்கும் ஸ்லொட்டின் பிட்மேப்பைக் கெஸ்ட் முழுவதற்குமான ஒரு பெரிய பிட்மேப்பில் சேர்க்க வேண்டுமானால் 32 பிட் நகர்த்த வேண்டும், லிட்டில் எண்டியன் எண்ணை பிக் எண்டியன் மெஷினில் நேராக நகர்த்தினால் தவறு. கியூஎமுவே இப்படிச் சீரில்லாத இடத்தில் எண் எண்ணாகச் சேர்ப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு பிட்டாகப் போகும் பாதைக்கு மாறிவிடும். நாங்கள் பெரிய பிட்மேப்பே வைக்கவில்லை, ஸ்லொட்டுக்கு ஒன்று, அந்தந்த ஸ்லொட்டின் முதல் பக்கமே பிட் 0. கேவிஎம் தரும் பிட்மேப்பை நகர்த்துகிற தேவையே எழாது.

கொம்பைலர் காவல் நிற்பதற்கு பிட்மேப்பை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் வைத்துவிட்டோம். உள்ளே இருக்கிற எண்ணை யாரும் நேராகத் தொட்டு நகர்த்தவோ பிட் தேடவோ முடியாது, குறி, சேர், கழி, எண்ணு, வரிசையாகக் கொடு என்ற சில ஃபங்ஷன்கள்தான் வெளியில் தெரியும். லினக்ஸ் கெர்னலில் லிட்டில் எண்டியன் எண்களுக்குத் தனி டைப் வைத்து ஸ்பார்ஸ் என்ற கருவியால் சரிபார்ப்பார்கள், எங்கள் அளவுக்கு ஸ்ட்ரக்ட் போதும்.

நீளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 100 பக்க ஸ்லொட்டுக்கு 13 பைட் போதும் என்று கணக்கு வரும். லிட்டில் எண்டியன் அமைப்பில் 13 பைட்டை அனுப்பினால் ஒன்றும் விடுபடாது. ஹோஸ்ட் ஒழுங்கில் வைத்திருக்கும் பிக் எண்டியன் நிரல் அதே 13 பைட்டை அனுப்பினால் இரண்டாவது எண்ணின் கடைசி மூன்று பைட் வெட்டுப்படும், அதில்தான் 64 முதல் 87 வரையான பக்கங்கள் இருக்கின்றன. கேவிஎம் எப்போதும் தன் எண்ணின் நீளத்துக்கு முழுமையாக்கித்தான் எழுதும். 64 பிட் கெர்னலுக்கு மேல் 32 பிட் நிரல் ஓடினால், நிரல் தன் கணக்கில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி கெர்னல் 4 பைட் எழுதிவிடக்கூடும் என்பதற்காக கியூஎமு தன் எண்ணின் நீளத்தைப் பார்க்காமல் 64 பிட்டுக்கே முழுமையாக்குகிறது. நாங்களும் எந்த மெஷினிலும் 64இன் மடங்கு என்றே வைத்தோம், மிஞ்சிய பிட்டுகள் பூச்சியமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வாசிக்கிறவர் மறுத்துவிடுவார்.

இப்போது சோதனை. பிக் எண்டியன் மெஷின் ஊரில் ஒருவரிடமும் இல்லை என்பது காரணமாகாது. இன்டெல் மடிக்கணினியிலேயே எஸ்390க்கான குறுக்குக் கொம்பைலரால் பிட்மேப் பகுதியை மட்டும் கொம்பைல் செய்து கியூஎமுவின் யூசர் மோடில் (ஒரு நிரலை மட்டும் எமுலேட் செய்யும் முறை) ஓட்டலாம், டெபியனிலும் உபுண்டுவிலும் இரண்டுமே பொதியாகக் கிடைக்கும், கேவிஎம் வேண்டியதில்லை. என்ன கொடுத்துச் சோதிக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். நினைவகம் முழுவதையும் நிரப்பிவிட்டு மைக்ரேட் செய்து பார்ப்பது எல்லாரும் முதலில் எழுதும் சோதனை, அது இந்த விடயத்தில் ஒன்றுக்கும் உதவாது: 64 பிட்டும் ஒன்றாக இருந்தால் திருப்பினாலும் அதேதான். பக்கம் 0உம் 56உம் சேர்ந்து மாறியிருந்தாலும் அப்படியே. தனித்தனியாக ஒரே ஒரு பக்கத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 0, 1, 7, 8, 31, 32, 63, 64 என்று எல்லைகளில் இருக்கிறவை. குறித்தது எத்தனை என்று ஒப்பிடாமல், குறித்தது எது என்று ஒப்பிட வேண்டும்.

கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. டர்ட்டி பிட்மேப்பைத் திரையைப் புதுப்பிக்கவும் பாவிக்கலாம், ஃபிரேம்பஃபரில் (திரையில் தெரியும் படம் இருக்கும் நினைவகம்) மாறின பக்கங்களை மட்டும் திரும்ப வரைவதற்கு. 1024க்கு 768 திரையில், பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு வரி சரியாக 4,096 பைட், அதாவது ஒரு வரிக்கு ஒரு பக்கம். ஒழுங்கு தவறினால் மேலிருந்து முதல் எட்டு வரியில் எழுதினது புதுப்பிக்கப்படாமல் நிற்கும், 56 முதல் 63 வரையான வரிகள் சும்மா திரும்ப வரையப்படும், 64 வரிக்கு ஒருமுறை இதே கோலம். பிட்மேப் பிழையைக் கண்ணுக்கு முன்னால் காட்டுகிற வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை, மாணவர்களுக்கு விளங்கப்படுத்த இதைத்தான் எடுப்பேன்.

கடைசியாக ஃபைலின் தலைப்பில் என்ன வைத்தோம் என்றால், பைட் ஒழுங்குக்கு இடமே வைக்கவில்லை, அது ஒன்றுதான், தெரிவு இல்லை. பக்க அளவுக்கு இடம் வைத்தோம், ஏனென்றால் அது உண்மையாகவே மாறும்: பவரிலும் ஆர்மிலும் ஹோஸ்ட் பக்கம் 64 கேபியாக இருக்கலாம், அப்போது கெர்னல் தரும் ஒரு பிட் எங்களுடைய 16 பக்கத்துக்குச் சமம். விரித்து 16 பிட்டாகச் சேமிப்பதா, வந்தபடி வைத்து அளவை மட்டும் எழுதுவதா என்றதில் இரண்டாவதை எடுத்தோம். வாசிக்கும் மெஷினின் பக்க அளவு சிறியதாக இருந்தால் அது விரித்துக்கொள்ளும், பெரியதாக இருந்தால் சேர்ந்து வரும் பிட்டுகளில் ஒன்று போட்டிருந்தாலும் முழுப் பக்கமும் மாறியது என்று எடுத்துக்கொள்ளும். கூடுதலாகக் குறிப்பதில் நட்டமில்லை. அளவு எழுதப்படாத ஃபைல் வந்தால் 4 கேபி என்று ஊகிக்காமல் வாசிக்க மறுக்கிறோம்.